ஒரு வாக்கு அதிகம்

உலகத்தில் எத்தனையோ காதல்கள் நடந்திருக்கின்றன. கண்ணால் நடந்திருக்கின்றன, ஜன்னலால் நடந்திருக்கின்றன, எதிர்வீட்டு மொட்டை மாடியால் நடந்திருக்கின்றன. ஆனால் முறைப்படி கூட்டம் கூட்டி, தீர்மானம் முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதூக்கி வாக்கெடுத்து நிறைவேறிய காதல் ஒன்றே ஒன்றுதான். முன்மொழிந்தவன் நான். எதிர்த்து ஒரு விரல்கூட அசையவில்லை. அதுமட்டுமா... ஓட்டுப் போடத் தகுதி இருந்த ஆட்களைவிட விழுந்த ஓட்டு ஒன்று அதிகம்!

நம்ப மாட்டீர்கள். என் மச்சானே நம்பவில்லையே... இத்தனைக்கும் அவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தவர்! இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைச் சோதித்தே ஓய்வு பெற்ற மனிதர். காலில் மாவுக்கட்டோடு நொண்டி வந்தவனையே "நிஜமாவே உடைஞ்சுதா?" என்று கேட்டவர். நான் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். "அத்தான் எதையும் பத்து மாடி ஏத்தித்தான் சொல்வார்" என்பது அவர் ஊரெல்லாம் பரப்பிவரும் அவதூறு.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நம் கதாநாயகி அவருடைய ஒரே மகள். உடற்பயிற்சி வைத்தியம் பார்ப்பவள். தெருவே அவளை 'பிசியோ' என்றுதான் கூப்பிடும். அவள் கண்கள் இருக்கிறதே... ஒரு பார்வை பார்த்தால் போதும், படுத்திருப்பவன் எழுந்து உட்காருவான். முறைத்தால் நடக்கவே ஆரம்பித்துவிடுவான்.

அவளுடைய அம்மா நெடுநாள் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தாள். ஒரு வீல்சேர், ஒரு வாக்கர், தலைப்பக்கம் உயர்த்துகிற ஒரு கட்டில் எல்லாம் கூடத்தில் அப்படியே நின்றன. யாருக்கும் அவற்றைப் பார்க்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, இவளே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அது திரும்பி வந்தபோது கூடவே இன்னொரு வீல்சேரும் வந்தது. அப்புறம் ஊன்றுகோல்கள், கட்டில்கள்... தெருக்கோடிப் பழைய கிடங்கு நிரம்பிவிட்டது. வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். குணமானதும் கொண்டுவந்து விட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. எது எங்கே இருக்கிறது, யாருக்கு எது பொருந்தும், எல்லாம் பிசியோவின் தலைக்குள் மட்டும்!

கிடங்குக்காரர் நல்லவர்தான். ஆனால் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். "தனி ஆளா இருந்தா இதோட போதும்மா. ஒரு அமைப்பா பதிவு பண்ணிட்டு வா, எத்தனை வருஷம் வேணும்னாலும் வெச்சுக்கோ."

அமைப்பு என்றால் என்ன, எப்படித் தொடங்குவது? எங்களுக்கு என்ன தெரியும்! இப்படிப்பட்ட சின்ன அறப்பணிகளைத் தொடங்கவும் நடத்தவும் வழிகாட்டுகிற மையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஓர் ஆலோசகரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் வருவதாக இருந்த நாளன்று... மழை.

சாதாரண மழையா அது? மீன்கள் கரையேறிக் குடை கேட்டிருக்கும். அந்த மழையில் பிசியோ கிடங்கின் சரிவுப் பலகையில் ஒரு வீல்சேரை இறக்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடி வழுக்கியது. வண்டி கிளம்பிவிட்டது!

தெரு இறக்கம். கீழே, குடையும் கையுமாக வீட்டு எண் தேடிக்கொண்டு ஓர் இளைஞன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். வீல்சேர் போய் அவன் முழங்கால் மடிப்பில் ஒரு தட்டுத் தட்டியது... அவன் அப்படியே, ராஜா சிம்மாசனத்தில் அமர்வதுபோல, உட்கார்ந்துவிட்டான். வண்டி நிற்கவில்லை. விரித்த குடையோடு ஊர்வலம் தொடர்ந்தது!

"பிரேக்... பிரேக்கைப் பிடிங்க!" அவள் கத்திக்கொண்டே ஓடினாள்.

"எங்கங்க இருக்கு?"

"சக்கரத்துப் பக்கத்துல! அழுத்துங்க!"

"இதுவா?"

"அது கால் வெக்கிறது!"

டீக்கடை வாசல் பெஞ்சில் இடித்து வண்டி நின்றது. மூச்சிரைக்க வந்து நின்றாள். நனைந்த முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி வழியே அவன் நிமிர்ந்து பார்த்தான்... கண்ணாடி முழுக்க மழை. துடைத்துவிட்டுப் பார்த்தான். மறுபடியும் துடைத்தான். இரண்டாவது முறை துடைக்கத் தேவையே இல்லை, கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரரே சாட்சி.

"அடிபட்டுதா?" என்றாள்.

"இந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றான் அவன்.

'அடப்பாவி! ஒரு கீறல் இல்லை, அதுக்குள்ள நஷ்டஈடு கேக்குறானே...' என்று அவள் மனதுக்குள் பொரிந்தாள். அவள் மனதுக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் அவளுடைய அத்தையிடம் சொன்னாள். அத்தை என்னிடம் சொன்னாள். நான் லேசாக மெருகு போட்டேன்.

"இல்ல. அதுக்கென்ன இப்ப?"

"இதுக்கெல்லாம் யாருங்க பொறுப்பு?"

"நான்தான்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான். ஏன், போதாதா?"

அவன் எழுந்து, வண்டியின் ஈரத்தைத் தன் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு சொன்னான்: "போதாதுங்க. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

ஆலோசகர் இவர்தான்!

அதன் பிறகு வாராவாரம் வந்தான். அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். குழு வேண்டும், தலைவர் செயலாளர் வேண்டும், குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், ஒரு முடிவில் யாருக்காவது சொந்த சம்பந்தம் இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்... "குழுவுக்கு ஆள் இருக்கு" என்று பிசியோ தன் அப்பா, அத்தை, மாமா என்று எங்களைக் கைகாட்டினாள்.

"வீட்டு ஆளுங்க மட்டும் உட்கார்ந்தா அது குழு இல்லைங்க... கல்யாணம்" என்றான் அவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்... ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீக்கடைக்காரர், வேன் டிரைவர், ஓய்வுபெற்ற நர்சம்மா என்று வெளியாட்களையும் சேர்த்தோம். தலைவர் பிசியோதான்.

"சரி, நாளைக்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்தா? யாருக்கு எந்தக் கட்டில்னு யார் சொல்வாங்க?"

"எனக்குக் காய்ச்சல் வராது."

"அதை விதிமுறையில எழுத முடியாதுங்க."

"எழுதிக்கோங்க... நான் கையெழுத்துப் போடறேன்!"

இப்படியே பேச்சுக்குப் பேச்சு. அவன் வரும் நாளில் மட்டும் அவள் தலையை ஒருமுறைக்கு இருமுறை வாரிக்கொள்வதை என் மனைவி கவனித்துவிட்டாள். அவன் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைப்பதை நான் கவனித்தேன்... வெயில் நாளிலும்!

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவன், தலைவரை மாற்றும் முறை என்கிற விதியை எடுத்தான்.

"என்னை எப்படித் தூக்குறதுன்னு என் வீட்லயே உட்கார்ந்து எழுதுறீங்களா?" அவள் குரல் சூடேறியது.

"தூக்குறதுக்கு இல்லைங்க. நீங்க இல்லாமப் போனாலும் இது நடக்கணும். ஒரே ஆளை நம்பி இருந்தா..."

மச்சான் எழுந்து உள்ளே போய்விட்டார். அவனுக்கு எதுவும் புரியவில்லை, பாவம்... வீட்டில் ஒருத்தி இல்லாமல் போனது அவனுக்குத் தெரியாது.

"இல்லாமப் போனா எப்படி இருக்கும்னு எங்களுக்கு நீங்க பாடம் எடுக்க வேணாம்" என்றாள். கண்ணோரம் தளும்பியது. "போங்க. தயவுசெஞ்சு போங்க."

அவன் போனான். வாசலில் நான்தான் பிடித்து நிறுத்தி, கிடங்கில் நிற்கும் அந்தக் கட்டில் யாருடையது, இந்தக் கிடங்கு எப்படி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "தெரியாமப் பேசிட்டேனே, சார்..." என்றான். அன்று அவன் கண்ணாடியைக் கழற்றியது துடைப்பதற்காக அல்ல.

அடுத்த வாரம் பிசியோவுக்குக் காய்ச்சல் வந்தது. வராது என்று சவால் விட்டவளுக்கு, கோதுமை மாவை நெற்றியில் வைத்தால் ரொட்டியாகிவிடும் அளவுக்குக் காய்ச்சல்! அந்தக் காலையில்தானா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவேண்டும்? முதுகில் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரை மத்தியானமே வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். தலைப்பக்கம் உயரும் கட்டில் உடனே வேண்டும். கிடங்கில் மிச்சமிருந்தது ஒன்றுதான். அவள் அம்மாவுடைய கட்டில். அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவள் கண் திறக்க முடியாமல் கிடக்கிறாள்.

நானும் வேன் டிரைவரும் திருகைத் திருப்பினோம். நானோ லிஃப்டையே ஆட்டிவைத்தவன்... அந்தக் கட்டில் என்னை மதிக்கவேயில்லை. அப்போதுதான், பயந்து பயந்து, வழக்கமான நாள் என்பதால் ஆலோசகர் வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் குடையை வீசிவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்தான். அவனாலும் முடியவில்லை.

வாசலில் ஒரு நிழல். மச்சான்! மனைவி போன பிறகு அந்தக் கட்டில் பக்கமே திரும்பாத மனிதர்.

"தள்ளுங்க. அந்தப் பக்கம் முதல்ல தளர்த்தணும்... கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும். இல்லேன்னா கிறீச்சுனு கத்தும். கத்தினா அவ முழிச்சுக்குவா..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆலோசகர், "நான் தூக்கிப் பிடிக்கிறேன் சார். நீங்க திருப்புங்க" என்றான் மெதுவாக.

கட்டில் கத்தாமல் கழன்றது. மழையில் மெத்தை நனையாமலிருக்கத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, வேனின் பின்னால் நின்றபடியே போனான். பெரியவர் வந்து சேர்வதற்குள் கட்டில் தயார்.

சாயங்காலம் பிசியோவின் அறை வாசலில் தொப்பலாக நின்றான்.

"கட்டில் போய்ச் சேந்துடுச்சுங்க. உங்க அப்பாதான் கழட்டிக் குடுத்தார். தூங்குங்க."

"நான்... இல்லாமலேவா?"

"நீங்க இல்லாமலேதான். ஆனா 'பிசியோ இருந்தா இப்படியா செய்யும்'னு எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டே செஞ்சோம்." தயங்கினான். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசினது சரிதான்... பேசின விதம்தான் கொஞ்சம்..." காய்ச்சலில் சிவந்த கண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன. 'அப்பா அந்தக் கட்டிலைத் தொட்டாரா... நிஜமாவா...' என்று உள்ளே ஏதோ இளகி ஓடியது. வெளியே மழையும் ஓடியது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான்... வாசல்படி தடுக்க ஓடிப்போனான்.

அடுத்த வாரத்துக்காக அவள் காத்திருந்தாள். தலைவரை மாற்றும் அந்த விதியை நானே படிக்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்று சொல்வதற்காக. வேறு எதையும் சொல்வதற்கில்லையா? இருந்தது... அதை அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

அவன் வரவில்லை. பதிலுக்கு நரைத்த கொண்டையோடு ஒரு மூத்த ஆலோசகர் அம்மா வந்தார். "இனிமே நான்தான் வருவேன். அவர் விலகிட்டார்" என்றார்.

'போங்கன்னு சொன்னேன்... போயிட்டார்.' அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. போன் பண்ணிக் கேட்கலாம் என்று அத்தை நச்சரித்தாள். "நான் எதுக்குக் கேக்கணும்?" ரோஷம் யாரை விட்டது! மச்சான் வேறு, "பாத்தியா... பாதியில விட்டுட்டுப் போற ஆளு. நான் அப்பவே நெனச்சேன்" என்றார். உள்ளுக்குள் அவருக்கும் வருத்தம்தான். கட்டிலைத் தூக்கிப் பிடித்த பையனல்லவா...

அமைப்பைத் தொடங்கும் கூட்டத்துக்குக் கிடங்கிலேயே நாற்காலி போட்டோம். நாற்காலி பற்றாமல் வீல்சேர்களிலும் உட்கார்ந்தோம். சரியாகத் தேவையான ஆட்கள்தான் வந்திருந்தோம். ஒருவர் எழுந்து போனாலும் கூட்டம் செல்லாது. பிசியோ எழுந்து நின்று, தலைவர் காலம் முடிந்ததும் விலக வேண்டும், தேவைப்பட்டால் குழுவே மாற்றலாம் என்ற விதியைத் தானே வாசித்தாள். குரல் ஓரிடத்தில் தடுமாறியது. ஆனாலும் முதல் கையை அவள்தான் தூக்கினாள். விதி நிறைவேறியது. நான் ஒருவனே ஓராயிரம் பேர் போலக் கைதட்டினேன்.

"அடுத்தது..." என்றார் மூத்த ஆலோசகர் அம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "முன்னாடி வந்த ஆலோசகர் ஏன் விலகினார்னு குழுவுக்கு முறைப்படி சொல்லணும். இந்த அமைப்போட தலைவர் மேல தனக்குத் தனிப்பட்ட முறையில பிரியம் ஏற்பட்டுடுச்சு, அதனால இனி நடுநிலையா ஆலோசனை சொல்ல முடியாதுன்னு அவரே..."

டீக்கடைக்காரரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

அந்த அம்மா எல்லோரையும் பார்த்தார். "ஏன்... உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

"யாருக்கு, யார் மேல?" என்றார் மச்சான், விபத்தைச் சோதிக்கும் குரலில்.

"தலைவர் மேலதான் சார். ஏம்மா, உன்கிட்ட சொல்லலையா அவன்? எங்க மேலதிகாரிக்குத் தெரியும், வாசல் காவலாளிக்குத் தெரியும், டைப் அடிக்கிற பொண்ணு ஒரு நாள் பூரா அழுதா..."

பிசியோவின் முகத்தில் செம்மை பரவியதே... அந்த வெளிச்சத்தில் கிடங்கு விளக்கு மங்கிப்போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே நல்ல மழை. எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு குடை. குடைக்குக் கீழே அவன். சொந்த சம்பந்தம் இருப்பவர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதால் உள்ளே வரவில்லை. கூட்டம் நல்லபடி முடிந்ததா என்று தெரியாமல் போகவும் மனமில்லை. வந்த பஸ்களை எல்லாம் அனுப்பிவிட்டு நின்றிருந்தான்.

"அதோ நிக்கிறான்!" என்றேன்.

அவள் பாதி எழுந்துவிட்டாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள்... "நான் போனா கூட்டம் செல்லாதே, மாமா. கிடங்கு..."

"இன்னும் நிறைய பாக்கி இருக்கு" என்றார் ஆலோசகர் அம்மா. "நடுவுல நிறுத்தணும்னா யாராவது முன்மொழியணும்."

இதற்காகத்தானே ஆண்டவன் என்னைப் படைத்தான்! எழுந்தேன். "தலைவர் வெளியே போய், நனைஞ்சுக்கிட்டு நிக்கிற அந்த ஆள்கிட்ட பேச வேண்டியதைப் பேசி, உள்ளே கூட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் கூட்டத்தை நிறுத்தி வைக்கணும்னு முன்மொழியறேன்!"

"வழிமொழியறேன்!" நர்சம்மா துள்ளினார்.

"தலைவருக்குச் சொந்த சம்பந்தம் இருக்கு. அவங்க ஓட்டுப் போடக்கூடாது. மத்தவங்க கையைத் தூக்கலாம்."

என் கை, என் மனைவி கை, நர்சம்மா கை, வேன் டிரைவர் கை, டீக் கிளாஸோடு டீக்கடைக்காரர் கை... எல்லாக் கண்களும் மச்சானிடம் போயின. பிசியோ தன் அப்பாவைப் பார்க்கவேயில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு... அதைப் பிறகு சொல்கிறேன். தீர்மானம் நிறைவேறியது!

மழைக்குள் அவள் ஓடினாள்.

"என்னங்க... கூட்டம் முடிஞ்சுதா? விதி நிறைவேறிச்சா?" அவன் பதறிப்போய்க் குடையை அவள் பக்கம் நீட்டினான்.

"வாசல் காவலாளிகிட்ட சொன்னீங்களாமே..."

அவன் முகம் வெளுத்தது.

"எந்த ஊர்லங்க, ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசியா பொண்ணுகிட்ட சொல்வாங்க?"

"கடைசியா இல்லைங்க... விலகினதுக்கு அப்புறம் சொல்லணும்னு..." வார்த்தைகள் அவனுக்குத் தடுக்கின. "ஆலோசகரா இருந்துக்கிட்டுச் சொன்னா, நீங்க மறுக்கத் தயங்கலாம். கிடங்கு என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டு 'சரி'ன்னு சொல்லலாம். அப்படி ஒரு 'சரி' எனக்கு வேண்டாம். விலகினப்புறம் சொல்ல வந்தேன்... தைரியம் வரல. 'போங்க'ன்னு சொல்லியிருந்தீங்களே..."

அவள் கண்களில் மழை மட்டுமில்லை. 'என்னைத் தனியா விட்டுட்டுப் போனதா நெனச்சேனே... எனக்காக ஒதுங்கி நின்ன மனுஷனை...'

"இப்ப நீங்க எங்க ஆலோசகர் இல்லையே?"

"இல்லைங்க."

"கிடங்கு உங்க கையில இல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப எனக்கு ஒரு பயமும் இல்ல. சொல்லுங்க."

சொன்னான். பஸ் ஒன்று பெரிய சத்தத்தோடு வந்து நின்றதில் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. குடைக்குள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள்.

"நான் மட்டும் போதும்னு நெனச்சிருந்தேன்..." என்றாள். "போதாதுங்க."

இதுதான் நடந்தது. கிடங்கும் எங்களுக்கே நிலைத்தது. ஆனால் அன்று கைகளை எண்ணிய ஆலோசகர் அம்மா குழம்பிப்போனார். "ஒண்ணு கூடுதலா வருதே?" மச்சான் மேலே விட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து, "அப்படி ஒரு ஓட்டே நடக்கல. அத்தான் கட்டிவிட்ட கதை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

போன வாரம், இதேபோல ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று வேறொரு தெருவிலிருந்து சிலர் யோசனை கேட்க வந்திருந்தார்கள். அவர்களிடம் நான் கதையை முழுதாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தர் மச்சான் பக்கம் திரும்பி, "நிஜமாவே நடந்துதா, சார்?" என்று கேட்டார்.

மச்சான் ஒரு வீல்சேரின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே, அவர் மகளும் வரப்போகும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு கட்டிலை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ அதட்டினாள். அவன் சிரித்தான். மச்சான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நடந்துச்சு" என்றார். "ரெண்டு கையையும் தூக்கினது நான்தான். ஒண்ணு என் ஓட்டு... இன்னொண்ணு அவ அம்மாவோடது."